இங்கே முடிவை எழுதவும்

நூலகத்தின் நிலவறையில் என் மேசை.
மேலே சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
இங்கே இயந்திரம் விடும் மூச்சுச் சூட்டில்
கார்டிகனைக் கழற்றி நாற்காலிக்குப் போட்டிருக்கிறேன்.

சுவரில் இருப்பது என் கையெழுத்து:
'இரண்டு வேலை நாள் முன்னதாக அனுப்பவும்.'
யாரும் அனுப்பியதில்லை.
மார்ச் பிறந்தால் போதும்,
விமானத்துக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டு
படியில் இறங்கும் பூட்ஸ் சத்தத்திலேயே
எந்தத் துறை என்று சொல்லிவிடுவேன்.
இயற்பியல்காரர்களுக்குக் கறுப்புப் பின்னணி வேண்டும்,
என் மையை மொத்தமாகக் குடித்துவிட்டுப் போக.
வரலாற்றுத் துறைக்கு எழுத்து எறும்பளவு,
எறும்புகளோ புற்றளவு.
கால்நடை மருத்துவத்திலிருந்து ஜோலீன் டெஜார்லே
குதிரைக் குளம்பொன்றை அசல் அளவில் கேட்டாள்.
அச்சாகி வந்ததும் அதன்மேல் உள்ளங்கையை விரித்து
சிறிது நேரம் அப்படியே நின்றாள்.

திரையில் இன்னும் நீலமாக இருந்ததே என்பார்கள்.
திரை வெளிச்சம், காகிதம் காகிதம்.
பதினோரு வருடமாக இதே பதில்.

நேற்று ரோமன் ஹலபூரா.
மண்ணியல், நான்காம் ஆண்டு, கனோலா வேர்.
கோப்பின் பெயர் 'இறுதி, நிஜமாகவே இறுதி, ஏழு'.
உள்ளதிலேயே மலிவான தாளைக் கேட்டான்.
முன்னோட்டத்தைக் காட்டினேன்.
ஒரு கண் கடிகாரத்தில் இருக்க
மறு கண்ணால் பார்த்துக் கையெழுத்திட்டான்.

மை முனை இடமும் வலமும் போய்ப் போய்த் திரும்ப
விரற்கடை விரற்கடையாக இறங்கியது தாள்.
தலைப்பு வந்தது.
ஆறு பெயர்கள் வந்தன, கடைசியில் டாக்டர் ஃப்ரீசன்.
வேர் வந்தது, ஒவ்வொரு மயிரும் எண்ணும்படி.
பிறகு 'முடிவுகள்' என்று கொட்டை எழுத்தில்.
அதன் கீழே, சாம்பல் நிறத்தில்,
'இங்கே முடிவை எழுதவும்.'

அவன் பார்த்தான்.
நான் பார்த்தேன்.
இயந்திரம் பார்க்காமல் நன்றியுரைக்குப் போய்விட்டது.

மறுபடி அடிக்க நாற்பது நிமிடம்.
அதைவிட, மெஜந்தா தீர்ந்துவிட்டது, புதன்கிழமைதான் வரும்.
அது இல்லாமல் அடித்தால்
வேர் முதல் பல்கலைக்கழகச் சின்னம் வரை பாசி பிடித்துவிடும்.

என்ன எழுத இருந்தாய் என்றேன்.
தோள்பைப் பட்டையைத் திருகினான்.
'ஒன்றுமில்லை.'
'ஒன்றும் எழுத வேண்டாமா?'
'அப்படி இல்லை. நுண்ணுயிர் இட்ட செடிக்கும் இடாத செடிக்கும்
வித்தியாசம் ஒன்றுமில்லை. அதுதான் முடிவு.'
நான்கு கோடை. அறுநூற்றுப் பன்னிரண்டு தொட்டி.
அதைத் தட்டச்சு செய்யத்தான்
ஏழு தடவை உட்கார்ந்து ஏழு தடவை எழுந்தானாம்.

பெட்டிகளில் முகவரி எழுதும் தடித்த மார்க்கர்
இழுப்பறையில் கிடந்தது. நீட்டினேன்.
வெட்டுமேசை மேல் கவிழ்ந்துகொண்டு
சாம்பல் வரியின் மேலேயே எழுதினான்:
'வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை.'
வரி வலப்பக்கம் மேடேறியது.
கடைசிச் சொல்லுக்கு இடம் போதாமல்
வேரின் நுனிமேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்தது.
முற்றுப்புள்ளியில் மட்டும்
எடுக்க மறந்தவன்போல் அழுத்திக்கொண்டே இருந்தான்.

ஊதினான். சுருட்டினான். குழாயில் திணித்தான்.
குழாய்க்கு ஒன்பது டாலர் என்று சொல்வதற்குள்
பூட்ஸ் சத்தம் மேல்படியில்.

வெட்டியெறிந்த வெள்ளை ஓரத்தில்
என் பட்டியலை எழுதினேன்:
மெஜந்தா இரண்டு, பால், பூனைக்கு மண்.

மலிவான தாள் மையைத் தாங்காது.
மேசை விரிப்பில் அவன் வரி கீழிறங்கியிருந்தது.
ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.
எழுத்தெல்லாம் போயிற்று, புள்ளி போகவில்லை.

இன்று காலை வானியல்காரர் ஒருவர்
தம் விண்மீன் கூட்டத்தை அதன்மேல் விரித்துவிட்டு
மறுபடி தூக்கிப் பார்த்துக் கலவரப்பட்டார்:
இந்தக் கறுப்பு என்னுடையதா?

இல்லை என்றேன்.
அது மண்ணியல்.